இரண்டு அலைவரிசை, ஒரே பெட்டி

ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் ரயிலில் எனக்கு எதிரே கவிதா, முரளி என்ற இரண்டு மாணவர்கள், முரளி மடியில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பெட்டி. அவர்களின் கூட்டாளி சிவா வரவில்லை. வெளியே செம்பனைகள் மழையில் மிதந்துகொண்டிருந்தன.

“சுத்தமா கேக்கணும்னா சிக்னலை முதல்லயே கெடுத்து அனுப்பணும் லா,” என்றாள் கவிதா.

“தெரியும். ஆம்ப்ளிஃபயர் எப்படிக் கெடுக்குமோ அதுக்கு எதிரா. சிவா ரெண்டு அலைவரிசையையும் அப்படித்தானே சரிபண்ணான்?”

“தனித்தனியா பண்ணான்டா. எங்க பெரியம்மாவும் சித்தியும் தனியா வந்தா அமைதி. ஒண்ணா வந்தா புதுசா ஒரு சண்டை கிளம்பும்.”

“ரெண்டையும் சேத்து ஓடவிட்டான், கரகரன்னுச்சு. பவரை ஏத்தினான், ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சிருச்சு.”

“இப்ப ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டே திருத்தியிருக்கேன். இன்னிக்குப் பரீட்சையில சரியா வரலன்னா மூணு பேரும் ஃபெயில்.”

“சிவா எங்க?”

“அடுத்த ரயில்ல வாரான். அவனோட மோட்டார் சைக்கிளை, வாங்கினவங்ககிட்ட விடப் போயிருக்கான். அதை வித்துத்தான் புது ஆம்ப்ளிஃபயர்.”

முரளி பெட்டியை மெல்ல அணைத்துக்கொண்டான். “எவ்வளோக்கு வித்தான்?”

“ஆயிரத்து இருநூறு வெள்ளி.”