படலுக்கு நேரா மாடு கட்டக்கூடாது

...அங்க வேண்டாமுங்க மாமா, அங்கயும் கட்டக்கூடாது. அது சின்னுசாமி அண்ணன் ஊட்டு வாசல் மூங்கில் படலுக்கு நேரா வருது. காளைய இப்புடித் தள்ளிப் புடிங்க. ம்ஹூம், அது மயிலம்மா அக்கா படலு. இந்த ஊருல எங்க நின்னாலும் யாராச்சும் ஒருத்தரு படலுக்கு நேராத்தான் நிக்கோணும்...

படலுக்கு முன்னால மாடு கட்டுனா ஒரு மாசம் ஊர்ச்சாணி அள்ளோணும். அதாங்க ஊர்க்கட்டு. உங்க வளப்பூருல இல்லீங்களா? குடுத்து வெச்சவங்க. இங்க போன மாசம் ஒரு தொரை வந்தாரு. அவரு குதிரையவே ஊருக்கு வெளியில கட்ட வெச்சுட்டாங்க. பாவம், பூட்சுக்காலோட சேத்துல நடந்து வந்து, "வாட்டு? வாட்டு?"ன்னாரு. எதை வாட்டறதுன்னு தெரியாம எங்கப்பன் ஒரு ராகிக்கதிர நெருப்புல வாட்டிக் குடுத்தாரு. தின்னுட்டுப் போயிட்டாரு.

நீங்க மாப்பிள்ளைக்கு அப்பன். பொழுது உச்சிக்கு வாரதுக்குள்ள காளைய எங்க படல்ல கட்டி, சாமை மூட்டைய இறக்கோணும். கட்டலைன்னா சம்பந்தம் இல்லை. கல்யாணப் பொண்ணு, எங்க சென்னம்மாக்கா, காலையிலயே தலைக்குக் குளிச்சுட்டு நிக்குது. எங்கப்பன், "கட்டுனா சாணி, கட்டாட்டி சம்பந்தம் போச்சு"ன்னு பலாமரத்தச் சுத்திச் சுத்தி வாராரு. அதான் உங்களப் பேச்சுக் குடுத்து நிறுத்தச் சொல்லி என்னைய அனுப்புனாரு. பேச்சுக்கு இந்தப் பாவாயிய விட்டா யாருங்க.

கட்டுப் போட்டது ஊர்க்கவுண்டரு அர்த்தனாரி. மூக்காலயே பேசுவாரு. "எவனாச்சும்ம்... மாட்டக் கட்டுனான்னாஆ..." ஏனுங்க சிரிக்கறீங்க? அவரு கொரலை நீங்க கேட்டிருக்கீங்களா? அப்புடியேவா இருக்கு?

சரி... யாருகிட்டயும் சொல்லாதீங்க. சின்னுசாமி அண்ணன் தெனமும் எருமையக் கொண்டாந்து எங்க படலை மறிச்சுக் கட்டும். கேட்டா, "எருமைக்கு இங்கதான் காத்து வருது கண்ணு"ங்கும். தெனமும் சாணிய மிதிக்கறது நானு. ஒரு நாளு மஞ்சு எறங்கி ஆளே தெரியலை. மொளகுக் கொடிக்குப் பின்னால நின்னு, கவுண்டரு கொரல்ல, "படலுக்கு நேரா மாட்டக் கட்டுனா ஒரு மாசம் ஊர்ச்சாணிஇ..."ன்னு ஒரே ஒரு சத்தம் போட்டேன். அந்த ஒரு எருமைக்குச் சொன்னதுங்க. ஊரே கேட்டுருச்சு. எல்லாருமாப் போயி கவுண்டரைக் கேட்டாங்க. அவரு கொஞ்ச நேரம் கூரையப் பாத்துட்டு, "ஆமா, நாந்தான் சொன்னேன்"னுட்டாரு. அவரு சொல்லாம ஊருல ஒண்ணு நடந்துருச்சுன்னா அவரு மரியாதை என்னாகறது?

இப்பவும் நல்லா மஞ்சு எறங்கிருச்சு. காளை கழுத்துச் சலங்கையக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. ம்க்கும்.

"அடேய்ய்... சம்பந்தத்துக்கு வந்த காளைய மட்டும்ம்... படல்ல கட்டலாம்ம்..."

கேட்டுச்சுங்களா மாமா? கவுண்டரு ஊட்டுப் பக்கமிருந்து, அவரேதான்... "ஆமா, நாந்தான் சொன்னேன்"ங்கறாரு.

மாமா? ஏனுங்க மாமா? அட, சலங்கைச் சத்தம் எங்க படலுகிட்டல்ல கேக்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதுங்களா... நானும் வாரேன், இருங்...

ச்சே. உங்க காளையும் நான் நிக்கற எடத்துலயே சாணி போட்டுட்டுப் போயிருக்குதுங்க.