இருபது அங்குலக் குழல்

இவருக்கு முந்நூற்று எழுபத்தைந்து காலிபர் துப்பாக்கி போதும் என்று, கையைக் குலுக்கும்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். புது ஆளைப் பார்த்ததும் சிலருக்குக் கண் செருப்புக்குப் போகும். எனக்குத் தோளுக்குப் போகும். ஹென்னிங்குக்குச் சரிந்த தோள். ப்ளூம்ஃபோன்டைனில் பேக்கரி வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய பெரிய உடம்பு, ஆனால் எங்கே தொட்டாலும் அமுங்கும் போலிருந்தது. பட்டறைக் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டபோது அவர் கண்கள் இறுக மூடித் திறந்ததையும் பார்த்தேன். சத்தம் வருமுன்பே சத்தத்துக்குப் பயப்படுகிறவர். இப்படிப்பட்டவர்களுக்கு நீளமான, சுவர் தடித்த, கனமான குழலைப் பொருத்திக் கொடுத்தால் சுடும்போது தோளில் விழும் உதையில் பாதியைக் கனமே விழுங்கிவிடும். எங்கள் பக்கத்தில் காட்டெருமைக்கு அந்தக் காலிபருக்குக் கீழே யாரும் கொண்டுபோவதில்லை. இடம் பார்த்துச் சுட்டால் அதற்கு மேலும் தேவையில்லை.

ஹூட்ஸ்ப்ரூட் ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பட்டறை என் அப்பா போட்டது. குழல் வாங்கிக் கடைவதும், தோட்டா அறை வெட்டுவதும், கட்டையோடு பொருத்துவதும் என் வேலை. என் கணவர் லூரென்ஸ் வேட்டைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போவார். குழலில் ஸ்டேன்காம்ப் என்று அவர் பெயரைப் பொறிப்போம். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரும் அதுதான் என்பதால் எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

ஹென்னிங் வந்த அன்றும் லூரென்ஸ் வழக்கமான வேடிக்கையைச் சொன்னார்.

"என் பொண்டாட்டி கையில குழல் நேரா வரும். கேக்குதான் கோணலா வரும்."

"கேக்கை நான் பாத்துக்கறேன் அண்ணா, அக்கா குழலைப் பாக்கட்டும்" என்றார் ஹென்னிங். அந்த வேடிக்கைக்கு என் பக்கமாகப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான்கூடச் சிரித்தேன்.

லூரென்ஸ் என்னை அடித்ததில்லை. குடித்துவிட்டுக் கத்தியதில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வேறு ஏதாவது கற்பனை செய்துகொண்டு என்மேல் இரக்கப்படுவீர்கள். ஹென்னிங் வருவதற்கு முந்தின வாரம் இரவுச் சாப்பாட்டில், இறைச்சியை நறுக்கிக்கொண்டே, பட்டறையை நெல்ஸ்ப்ரூட் வியாபாரி ஒருவருக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்பாவின் கடைசல் இயந்திரமும் அதோடு போகும். இந்த வேட்டைப் பருவம் முடிந்ததும் கையெழுத்து. பிறகு நாங்கள் மோசல் பே ஊரில் கடலைப் பார்த்தபடி இருப்போம்.

"உனக்கும் முட்டி வலி. மெஷின் முன்னால இன்னும் எத்தனை நாள் நிப்பே, சொல்லு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தேன். கடல் எனக்குப் பிடிக்காது என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. பட்டறை இல்லாமல் என் கைகள் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன். மடியில் கிடக்கும். அந்தப் படம் என்னைவிட்டுப் போகவே இல்லை. பல் துலக்கும்போதும், கோழிக்குத் தீனி போடும்போதும், மடியில் கிடக்கும் இரண்டு கைகள்.

அந்தப் பருவத்தின் கடைசி விருந்தாளி ஹென்னிங்.

எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா, நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் என்றார். நான் நானூற்று ஐம்பத்தெட்டு என்றேன். குழல் இருபது அங்குலம், மெல்லிய சுவர். காரணங்களையும் சொன்னேன். மொபானே மரங்கள் நெருங்கிய காட்டில் நீளக் குழல் கிளையில் மாட்டும், குட்டைக் குழல் மாட்டாது. நாள் முழுக்க நடக்கும்போது கனம் குறைந்தது தோளுக்கு நல்லது. எருமையை நிறுத்தப் பெரிய தோட்டாவைப் போல எதுவும் இல்லை. இவை எல்லாமே உண்மை. எந்தத் துப்பாக்கிக்காரரைக் கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, சத்தத்துக்குப் பயப்படுகிற ஒருவரின் சரிந்த தோளில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் செய்ததிலேயே அழகான குழல் அது. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. யாரிடமும் குறையுள்ள பொருளைக் கொடுப்பது என்னால் ஆகாத காரியம்.

பட்டறைக்குப் பின்னால் மண்மேட்டில் இலக்கு வைத்து அவரைச் சுட வைத்தேன். முதல் தோட்டாவிலேயே தொப்பி பறந்தது. மூன்றாவதுக்குப் பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். நான்காவதாக அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத பொய்த்தோட்டா ஒன்றைக் கலந்து கொடுத்தேன். இதை எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வோம். வெடி வெடிக்காதபோதுதான் சுடுகிறவரின் பயம் கண்ணுக்குத் தெரியும். விசையை இழுக்கும் முன்பே ஹென்னிங்கின் கண்கள் மூடின, குழலின் வாய் ஒரு கையளவு கீழே தாழ்ந்தது. அப்படித் தெரிந்தால் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, சின்னக் காலிபரைக் கொடுத்து, பயம் போகும்வரை பழக்க வேண்டும். அதற்குத்தான் பொய்த்தோட்டா.

"என்னக்கா, வெடிக்கலையே?"

"சில நேரம் தோட்டா அப்படி அமையும். நீங்க நல்லா சுடுறீங்க."

அவர் முகம் மலர்ந்தது. பேக்கரிக்காரர்களுக்கு யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்.

அன்று லூரென்ஸ் கேட்டார்: "எப்படி நம்ம ரொட்டிக்காரர்?"

"தயாரா இருக்கார்" என்றேன்.

வழக்கமாக லூரென்ஸ் முகாமில் முதல் நாள் விருந்தாளிகளைத் தாள் இலக்கில் சுட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் கூட்டிப்போவார். நான் சொன்னதால், வெடிச்சத்தத்தில் மந்தையைக் கலைக்க வேண்டாம் என்று அதை விட்டுவிட்டார். வேறு எதிலும் இல்லாவிட்டாலும் இதில் மட்டும் அவர் என் சொல்லைத் தாண்டியதில்லை.

விருந்தாளி சுட்டு எருமை காயத்தோடு புதருக்குள் போய்விட்டால், அதை முடிப்பது கூட்டிப்போனவரின் கடமை. விருந்தாளி வெளியே நிற்பார். இவர் உள்ளே போவார். எங்கள் ஆட்களில் யாரும் இதற்கு மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுத்தவர் அதற்குப் பிறகு எங்கள் ஊர் மதுக்கடையில் முகம் காட்ட முடியாது. காயம்பட்ட எருமை ஓடிப்போவது போலப் போய், தன் தடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து நின்று காத்திருக்கும். இதுவும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று நடந்ததைத் தடம் பார்க்கும் ரிசிமாட்டிதான் எனக்குச் சொன்னார், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு. ஒற்றைக் கிழ எருமை. நாற்பது அடி தூரம், பக்கவாட்டில் நின்றது. குழந்தைகூடச் சுடலாம். ஹென்னிங் கண்ணை மூடினார். தோட்டா வயிற்றில் பாய, எருமை புதருக்குள் போய்விட்டது. லூரென்ஸ் அவரைக் கரையான் புற்றின்மேல் உட்கார வைத்து, ஃப்ளாஸ்க்கைக் கையில் கொடுத்து, நான் வரும்போது எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு ரிசிமாட்டியும் அவரும் உள்ளே போனார்கள்.

"இடது பக்கத்துலேருந்து வந்துதும்மா. கொம்பை என் தொடையில ஏத்திருச்சு. ஐயா என்னைப் பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டு முன்னால நின்னாரு. நின்னிருக்க வேணாம். ஓடியிருக்கலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொடை என் கணக்கில் இல்லை. தடம் பார்க்கிறவர்தான் முன்னால் நடப்பார் என்று தெரிந்திருந்தும், அந்த நாட்களில் அவரை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. லூரென்ஸ் முன்னால் நின்றதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு வந்த மரியாதை. அன்று அழுதேன், அது நடிப்பில்லை.

போலீஸ் வந்தது, துப்பாக்கியைப் பார்த்தது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனது. அது சரிதான். எருமை அன்று நேராக ஓடிப்போயிருக்கலாம். லூரென்ஸ் அதை முதல் தோட்டாவில் வீழ்த்தியிருக்கலாம். நான் அவர்களுக்கு அந்த வழிகளையெல்லாம் விட்டுத்தான் வைத்தேன். இருந்தாலும் என் கணவரைக் கொன்றது யார் என்று நீங்கள் கேட்டால், நான்தான். அந்தத் தோளைப் பார்த்து, அந்தக் குழலை வெட்டி, தயாராக இருக்கிறார் என்று சொன்ன அன்றே கொன்றுவிட்டேன். மற்றதை எருமை செய்தது.

கையெழுத்து ஆகவில்லை. இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் போய் நிற்கிறேன். முட்டி வலிக்கத்தான் செய்கிறது.

போன ஞாயிறு, தேவாலயத்தில் ஆராதனை முடிந்த பிறகு ஹென்னிங் வந்தார். பாதி உடம்பாகிவிட்டார். பேக்கரியைத் தம்பியிடம் விட்டுவிட்டாராம். அடுப்புக் கதவு சாத்தும் சத்தத்தைக்கூடத் தாங்க முடியவில்லையாம், படுத்தால் அந்தப் புற்றின்மேல் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறதாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா சுடுறீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க வார்த்தையைப் பொய்யாக்கிட்டேன் அக்கா" என்றார். நான் காபியை ஊற்றினேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன்மேல தப்பில்லைனு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் மனசு ஏத்துக்க மாட்டேங்குது. நீங்க சொன்னா நம்பிருவேன்."

நல்ல மனிதர். என் கை அவர் தோள்வரை போனது. போய் நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். அதை நான் எப்படி இல்லை என்று சொல்வது?

"அது மட்டும் என்னால சொல்ல முடியாது, ஹென்னிங்" என்றேன். துப்பாக்கி விஷயத்தில் நான் யாருக்கும் பொய் சொன்னதில்லை.