ஏற்றத்தில் வந்த தம்பி

ராத்திரி ஒன்றரை மணி. மும்பை பக்கம் கல்யாண் ஊரில் ஆற்றங்கரைக்கு இறங்கும் சாலை... தெருநாய்கூட இல்லை. பூலோகம் தனியாக நடக்கிறார். கொஞ்சம் நெருங்கித்தான் உட்காருங்களேன்! நம்புகிறவர் நம்பலாம். பாண்டுப்பில் இருக்கிற நம் இசக்கிதுரையின் சொந்தத் தாய்மாமன்தான் இந்தப் பூலோகம்; அவருக்கு நடந்தது இது.

ஆள் தாராவிக்காரர். அவர் தம்பி மகேஷ்குமார் உல்லாஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போய்ப் படகிலிருந்து விழுந்துவிட்டான். விழுந்தவன் விழுந்தவன்தான். மூன்று நாளாக டோம்பிவிலி வரைக்கும் ஆற்றின் கீழ்ப்பக்கமே தேடினார் பூலோகம். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த புத்தி. ஆறு என்றால் கீழேதானே போகும்? உடலாவது கிடைத்தால் தம்பி பெண்டாட்டி கீதாவுக்கு ஒரு முடிவு சொல்லலாம். வேறென்ன செய்வார், பாவம்.

அன்று சாயந்திரம், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கோலி குலத்து மீன்காரி வந்தனாதான் தலையில் அடித்துக்கொண்டாள். இங்கே கடல் ஏறினால் ஆறு திரும்பி மலைப்பக்கம் ஓடும், போனதெல்லாம் அந்த ஏற்றத்தோடு மேலே வரும் என்றாள். தன் படகையும் கொடுத்தாள்.

"லேகின் நாம் மத் லேனா, பாவூ."

தண்ணீரில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். யார் காதில் விழுகிறதோ, அது வந்துவிடுமாம்.

படகைத் தள்ளினார். சேற்று வாடை... செத்த நண்டு வாடை. இரண்டு மணிக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. அப்புறம்... குளுக், குளுக். எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தது. வலை கட்டும் மூங்கில்கள் கிறீச்சிட்டன. தோளில் தூக்கி வளர்த்த தம்பியாயிற்றே, மனசு கேட்குமா? கத்திவிட்டார்.

"ஏ மகேசு! எங்கலே கெடக்க?"

மூங்கிலுக்கு அந்தப் பக்கம்... ஒரு இருமல்.

"இங்கதான் இருக்கேம்ணே. குளுருது."

தம்பி! உயிரோடு! மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு! அழுதுகொண்டே இழுத்துப் படகில் போட்டார். கை ஐஸாக இருந்தது. விடிவதற்குள் ஆட்டோ பிடித்து, கல்யாணிலேயே இருந்த தம்பி வீட்டில் சேர்த்தார். கீதா அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். மகேஷோ, தூங்குகிற மூன்று வயது மகளை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெயில் ஏறியதும் வந்தனாவுக்கு நன்றி சொல்லப் போனார் பூலோகம். அவளைக் காணோம். ஆற்றின் மேல்பக்கம், ஷஹாட்டில் கூட்டம் என்றார்கள். ஓடினார். சேற்றில் ஒரு உடல்... நாலு நாள் ஊறியது. சட்டை அவனுடையது. வலது கையில் ‘கீதா’ என்று பச்சை. முகம்... முகமும் அவனுடையதுதான். பக்கத்தில் நின்ற வந்தனா இவரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

வீட்டுக்குப் போன் போட்டார். கீதாதான் எடுத்தாள், நாலு நாளைக்கப்புறம் சிரித்த குரல்.

"அவியளா? இப்பதான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போனாவ, அத்தான். ஆறு காட்டப் போறாவளாம். மறுபடி தண்ணி எத்தன மணிக்கு ஏறும்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாவ."