முழங்கால் வருத்தம்

முழங்கால் கிளினிக்கில் எனக்கு முன்னால் இருந்த வாங்கில் இரண்டு சகோதரிகள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மூத்தவரின் மடியில் எக்ஸ்ரே உறை இருந்தது. அடுத்த நம்பர் அவருடையது.

“எனக்கு முழங்கால்ல ஒண்டுமில்ல,” என்றார் மூத்தவர்.

“என்ன ராத்தா கதைக்கிறீங்க? ரெண்டு வருசமா நிலத்துல இருக்கேலாமக் கதிரையில இருந்துதானே தொழுறீங்க?”

“நெத்திய நிலத்துல வெச்சு சுஜூது செஞ்சு எழும்பக்குள்ள கீழால ஒண்டு வெளிய வருது, புள்ள. கேக்கிற ஆக்களுக்கு என்னத்தச் சொல்ற? முழங்கால் எண்டுட்டன். உன்ட மச்சான் தைலம் வாங்கித் தந்தார், எக்ஸ்ரேயும் எடுப்பிச்சார். இப்ப டொக்டர் கால மடிக்கச் சொல்லுவார். மடிச்சா மடியும்.”

தங்கை சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அது கர்ப்பப்பை இறங்குற. அஞ்சு புள்ள பெத்து, ஒவ்வொண்டுக்கும் நாப்பது நாள் முடியமுன்னமே தறியில இருந்தீங்க. இறங்காம என்ன செய்யும்? பொம்புளயள்ர கிளினிக்குக்குப் போகணும். இறங்காமத் தாங்க உள்ள ஒரு வளையம் வெப்பாங்க, இல்லாட்டி ஒபரேசன்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கு வெச்சிருக்கு.”

“எப்ப?”

“போன நோன்புக்கு முந்தி.”

“ஒரே வளவுல பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கம். என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே நீ?”

“நீங்க சொன்னீங்களா?”

தாதி மூத்தவரின் நம்பரைக் கூப்பிட்டார். அவர் எழும்பவில்லை.

“நம்மட ஒழுங்கையில உள்ள வீடுகள்ல கதிரையில தொழுற பொம்புளயள் எத்தின பேர், புள்ள?”

தங்கை விரல் மடித்து எண்ணினார். “உங்களோட ஏழு.”

தாதி மறுபடியும் கூப்பிட்டார்.

“அவங்க எல்லாருக்கும் முழங்கால்தானா?” என்றார் மூத்தவர்.