நூல் கட்டின பாட்டில்

அந்த நாற்காலி ஆடும்மா, இந்தப் பக்கம் வாங்க. நாலு மணி நேரம் உக்காரணும் இல்ல, இடுப்பு போயிடும். அவர டயாலிசிஸ் மிஷின்ல போட்டாச்சா? சரி. இனிமே அவங்களா கூப்பிடுற வரைக்கும் உள்ள விட மாட்டாங்க. ஃபேன் இந்த மூலைக்குத்தான் கொஞ்சம் வரும். காத்து வராது, சத்தம் வரும்.

டப்பாவுல என்ன, தர்ப்பூசணியா? வாசனை வந்துச்சு, அதான் கேட்டேன். ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்தாந்திருக்கீங்க, டப்பா வேர்த்திருக்கு. வெளிய வந்ததும் அவருக்குக் குடுக்கவா. ம். எத்தன நாளா வர்றீங்க? மூணு வாரம் தானா. அப்ப உங்களுக்கு இதான் முதல் வெயில்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான்னாங்க. உங்களவருக்கும் அதே தானா? கிட்னி போச்சு, குடிக்கிறது வெளிய போகாது, நெஞ்சுல போயி தேங்கிடும்னு சொல்லியிருப்பாங்களே. இவரு பஸ் ஓட்டுனவரு. முப்பது வருஷம் எஞ்சின் சூட்டுலயே உக்காந்தவரு, சீட்டுக்குக் கீழ எப்பவும் ரெண்டு பாட்டில் உருண்டுக்கிட்டே இருக்கும். அந்த மனுஷனுக்கு முக்கால் லிட்டர்.

நான் தையக்காரி. அளவுன்னா அளவுதான் எனக்கு. ஒரு பாட்டில்ல சரியா முக்கால் லிட்டர் ஊத்தி, மேலயிருந்து நாலு இடத்துல சிவப்பு நூல் கட்டினேன். காலையில இது வரைக்கும், மத்தியானம் இது வரைக்கும்னு. மாத்திரைக்கு ஒரு மடக்கும் அதுலருந்து தான். அரை டம்ளர் காபி குடிச்சாருன்னா பாட்டில்லருந்து அரை டம்ளர எடுத்துச் செடிக்கு ஊத்திடுவேன். செடி நல்லா வளந்துச்சு.

வெயில் வந்ததும் பாக்க முடியலம்மா. நாக்கு ஒட்டிக்கிட்டு பேச்சே வராது. அப்பத்தான் பொண்ணு போன்ல ஒண்ணு அனுப்பினா. வெயில்ல உடம்பக் குளுமையா வெச்சுக்க என்னென்ன சாப்பிடலாம்னு, படம் போட்டு, அழகா. வெள்ளரிக்கா, தர்ப்பூசணி, கிர்ணிப் பழம், தயிரு. பக்கத்துலயே எதுல எவ்வளவு தண்ணின்னும் போட்டிருந்துச்சு. வெள்ளரிக்காவுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. அத நான் வாய்விட்டுப் படிச்சேன். நல்ல சேதி படிக்கிற மாதிரி படிச்சேன்.

பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டினேன். காலையில ஒரு கிண்ணம் கிர்ணி. பதினோரு மணிக்கு வெள்ளரிக்கா, தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி. மத்தியானம் தயிர்ல புதினா கிள்ளிப் போட்டது. சாயங்காலம் தர்ப்பூசணி, கொட்டையெல்லாம் ஊசியால நெம்பி எடுத்துட்டு. தின்னுட்டு அப்படியே கண்ண மூடிப்பாரு. தண்ணிக்கு மகா கஞ்சம், பழத்துக்குப் பெரிய வள்ளல்டி நீனு என்னைக் கேலி பண்ணுவாரு. குடிக்கிறது தான தண்ணி, மெல்லுறது சாப்பாடு. எனக்கு வேற தோணவே இல்ல.

இங்க எடை பாக்குறாங்க இல்ல, மிஷின்ல போடுறதுக்கு முன்னாடி? வழக்கமா ரெண்டு கிலோ ஏறியிருக்கும். மூணு ஆச்சு, நாலு ஆச்சு. தண்ணி நெறைய குடிக்கிறாரானு நர்ஸம்மா கேட்டாங்க. எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா. மறுதடவ அந்த நூல் கட்டின பாட்டிலையே கொண்டாந்து காட்டினேன். அவங்க பாட்டிலப் பாத்தாங்க, அவரப் பாத்தாங்க. அப்ப இவரு திருட்டுத்தனமா குடிக்கிறாருன்னு தான அர்த்தம்?

நானும் அப்படித்தான் நெனச்சேன். அவரு குளிக்கப் போனா கதவுல காத வெச்சு நிப்பேன். குழாய் சத்தம் நின்னா, ஏன் நின்னுச்சும்பேன். வாயத் தொறந்து காட்டச் சொல்லியிருக்கேன், சின்னப் புள்ளையக் கேக்குற மாதிரி. பொண்ணு மேல சத்தியம்னாரு. புள்ளைய ஏன் இழுக்குறீங்கனு அதுக்கும் கத்தினேன். தண்டனை மாதிரி ஒரு நூல மேல ஏத்திக் கட்டினேன். கட்டிட்டு, பாவமா இருந்துச்சுனு இன்னொரு கிண்ணம் பழம் வெச்சேன்.

ஒரு செவ்வாக்கிழமை, ஆட்டோவுல வரும்போதே மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. இந்த வாசல்ல தான் எறக்கினோம். என் கையப் பிடிச்சுக்கிட்டு, நான் குடிக்கலடின்னாரு. சரி சரி, உள்ள போங்கன்னேன். நம்புறேன்னு சொல்லல. சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அந்த நர்ஸம்மா அவரு பைய எங்கிட்ட குடுக்கும்போது உள்ள பழ டப்பா இருந்துச்சு. தொறந்து பாத்தாங்க. இது தினமுமானு கேட்டாங்க. ஆமா, நாலு வேளையும்னேன். இதுவும் தண்ணிதாம்மா, இதையும் அந்த முக்கால் லிட்டர்லயே சேக்கணும்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. திட்டல.

ரொம்ப தாகம்னா வாயக் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. ஈரத்துணிய மடிச்சு பிடரியில போடுங்க. நீங்களா எதுவும் வெக்காதீங்க, எதுன்னாலும் அந்த நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. ஒருவேள எடை ஏறியிருந்தா, அவரு குடிக்கலன்னு சொன்னா குடிக்கலதான்.

எங்க வீட்டுக்காரரா? மூணாம் நம்பர் கட்டில், சன்னலோரம். ஆமா, இப்ப உங்களவரு படுத்திருக்கிறது தான். அவரு போயி, வர்ற மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. செவ்வாக்கிழமையானா நான் பாட்டுக்குக் கெளம்பி வந்துடறேன். ஏன் உக்காந்திருக்கேனு இங்க யாரும் கேக்கறதில்ல.

அந்த டப்பாவ இப்படிக் குடுங்க. நான் தின்னுடறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது.