விடை தெரிந்த கேள்வியை விடாது கேட்டவருக்கு

கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு காட்டுக்கு அப்பாலுள்ள குரல்களைக் காத்தவரே! கணினியின் கருவுக்குள் கைவைக்கத் துணிந்தவரே! வெள்ளவத்தையிலிருந்து வரும் வழியில் எத்தனை சோதனைச் சாவடிகள் மறித்தாலும் வேலைக்குப் பிந்தாத பெருமதிப்புக்குரிய பாலேஸ்வரி கதிர்காமநாதன் அம்மையாரே! வணக்கம்.

ஓய்வுபெற்றுச் செல்லும் உங்களுக்கு இம்மடலை எழுதும் பொறுப்பு இரவு முறை ஊழியர்களான எங்களிடம் வந்தது. அளவுக்குமேல் புகழ்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். எனவே நடந்ததைச் சொல்கிறோம்.

போரினால் வன்னிப் பாதை மூடிய பிறகு, வன்னியில் இருப்பவர்கள் கொழும்பு உறவுகளுக்காகப் பேசிய ஒலிநாடாக்கள் நிவாரண லொறிகளில் நம் நிலையத்துக்கு வருகின்றன. குரல்களைக் கணினிக்கு மாற்றியதும் நாடாக்களை அழித்து, அடுத்த செய்திக்காகத் திருப்பி அனுப்புகிறோம். உரியவர் வந்து கேட்கும்வரை குரல்கள் கணினியின் வன்வட்டில் உறங்குகின்றன. பிறர் காதில் விழுந்தால் யாருக்கோ ஆபத்தாகலாம் என்பதால் ஒவ்வொன்றையும் மறைகுறியாக்கிப் பூட்டி வைக்கிறோம்.

பூட்டும் வேலையை முதலில் கணினியின் பொதுச் செயலியே மெதுவாகச் செய்தது. பிறகு அதற்கென்றே சிப் பொருத்திய ஓர் அட்டை வந்தது. இயங்குதளத்தின் கருவான கேர்னல் அந்த அட்டையை அறியாது. அறியவைத்தவர் நீங்கள். நீங்கள் எழுதிய டிரைவர் என்னும் நிரல் வழியே கேர்னல் வேலையை அட்டையிடம் ஒப்படைத்தது. அன்றிலிருந்து குரல்கள், தூக்கத்தில் நடப்பவர்களைப்போல ஓசையின்றி உள்ளே போயின. கேட்க ஆள் வந்ததும் விழித்துக்கொண்டு வெளியே வந்தன.

ஆனாலும் நீங்கள் அட்டையை நம்பவில்லை. தொடங்கும்போதும் வேலைக்கு நடுவிலும், விடை முன்பே தெரிந்த ஒரு துண்டைக் கொடுத்து அதைச் சோதிக்கும்படி கேர்னலுக்குள் எழுதிவைத்தீர்கள். விடை இம்மி பிசகினாலும் கேர்னல் அட்டையை ஒதுக்கிவிட்டு, மெதுவாகவேனும் பழையபடி தானே பூட்டும்.

"சென்றியில நிக்கிற பொடியனும் ஐடென்டிகாட்டைக் கையில வச்சுக்கொண்டுதானே என்ர பேரைக் கேக்கிறான். அவனிட்டத்தான் படிச்சனான்" என்று, சாவடியில் அடையாள அட்டை பார்க்கும் காவலரைச் சுட்டி அதற்கு விளக்கமும் சொன்னீர்கள்.

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றுபோன காலை, அட்டை சோதனையில் தவறியது. கேர்னல் வேலையைத் தன்மேல் இழுத்துக்கொண்டது, எல்லாம் ஊர்ந்தது. நாடாக்கள் குவிந்தன. குரல் கேட்க வந்தவர்களின் வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. இரவு முறை முடிந்தும் நாங்கள் வீடு போகாமல் நின்றோம். மேலாளர் றேமண்ட் அவர்கள் வியர்த்துக் கொட்ட வந்தார்.

"மிஸ், அட்டை ஓடுதுதானே? டெஸ்ட்தான் பிரச்சினை. அதைத் தூக்கிவிடுங்கோ. சனம் என்னைத் தின்னுது."

"தூக்கலாம் சேர். பிறகு சனத்துக்கு என்னத்தைப் போட்டுக் காட்டுவீங்கள்?"

சோதனையை நிறுத்தினீர்கள். கிளிநொச்சியிலிருந்து உங்கள் தங்கை அனுப்பிய செய்தியையே எடுத்து அட்டையிடம் கொடுத்தீர்கள். பூட்டித் திறந்தபோது வந்தது குரலல்ல; தகரக் கூரையில் மழை பெய்வதுபோன்ற இரைச்சல். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. அந்த மழைக்குள் யாரோ தூரத்தில் நடந்துபோவதுபோல எங்களுக்குத் தோன்றியது. வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"அல்லாவே! மிஸ், தங்கச்சிட கொப்பி ஒண்டு வெச்சீக்கிறீங்களா?" என்றார் எங்களில் ஒருவரான கொம்பனித்தெரு ஹபீலா.

"வச்சிருக்கிறன். நான் என்ன விசரியே?"

றேமண்ட் அவர்கள் கீழே இறங்கிப்போய், வரிசையில் நின்றவர்களிடம் நாளைக்கு வரச்சொல்லி ஏச்சு வாங்கினார். லொறியும் ஒருநாள் பிந்தியது. ஒரு குரலும் அழியவில்லை.

குளிரூட்டி திருந்தி அட்டை தேறியதும், மீண்டும் தொடங்கிய சோதனையில் அந்தச் செய்தியின் முதல் வரியையே சோதனைத் துண்டாக வைத்தீர்கள்: "அக்கா, நான் சுகமா இருக்கிறன்." தங்கையிடமிருந்து பிறகு நாடா வரவில்லை. காலையில் கணினி எழும்போது அட்டை அந்த வரியைப் பூட்டுகிறது. விடை சரி என்று திரையில் தோன்றுகிறது. "பாத்தீங்களா மிஸ், தங்கச்சி நல்லா ஈக்கிறா" என்று ஹபீலா ஆறுதல் சொன்ன நாளில், "அட்டை நல்லா இருக்குது. அவ்வளவுதான்" என்றீர்கள். பொய்யான ஆறுதலை நீங்கள் பிறருக்கும் கொடுத்ததில்லை, உங்களுக்கும் எடுத்துக்கொண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த உங்கள் பெருமை இதுதான்.

புதிய, விரைவான அட்டை வரப்போகிறது. நீங்கள் போனபின் அந்தச் சோதனை எதற்கு என்று ஒரு பேச்சும் எழுந்தது. அதை எடுக்கமாட்டோம். இம்மடலை வாசித்துப் பார்க்கக் கேட்ட றேமண்ட் அவர்கள், இந்த வரிக்கு வந்ததும் மற்றவர்களுக்கு முன் பேனாவை வாங்கிக் கையொப்பம் இட்டுவிட்டார்.

நீங்கள் நோயின்றி நெடுநாள் வாழவேண்டும். கடற்காற்றில் பிற்பகல் உறக்கம் உங்களுக்கு வாய்க்கவேண்டும். ஒருநாள் உங்கள் பெயருக்கு ஒரு நாடா வந்து, நாங்கள் தொலைபேசியில் அழைக்க, நீங்கள் ஊழியராக அல்லாமல் வரிசையில் நிற்கும் ஒருவராக இந்தப் படிக்கட்டில் ஏறிவரவேண்டும். அன்றைக்கு அந்த வரியை மாற்றுவோம். அதுவரை கேர்னல் அதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இங்ஙனம்,
றேமண்ட், ஹபீலா மற்றும் இரவு, பகல் முறை ஊழியர்கள்
கொட்டாஞ்சேனை, கொழும்பு
ஆவணி 2008