தலைகீழ் நிலவுக்கு மதிப்பெண் இட்ட தலைவிக்கு

"மார்க்கைத் திருத்துங்கம்மா!"

பாராட்டு மடல் இப்படியா தொடங்கும் என்று அரங்கில் இருப்போர் முகம் சுளிக்க வேண்டாம். பொன்னே, மணியே என்று தொடங்கினால் பாதியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் எங்கள் துறைத்தலைவி என்பது ஊரறிந்த உண்மை. ஆகவே, இயற்பியல் துறையின் இரும்புத் தூணே! சுண்ணக்கட்டித் துண்டொன்றால் சூரியக் குடும்பத்தையே சுழல வைத்த சோர்விலாச் செல்வியே! கருணைக்கும் காரணம் கேட்கும் கறார்க் களஞ்சியமே! வணக்கம். உங்களிடம் யாரும் கேட்கத் துணியாத ஒரு கோரிக்கையிலிருந்தே, உங்கள் பணிநிறைவு நாளில் உங்கள் புகழைப் பாடத் தொடங்குகிறோம்.

பள்ளியில் பாதிக் காலமும் கல்லூரியில் மீதிக் காலமுமாக, வானத்தை வகுப்பறைக்குள் இறக்கி வைத்தவர் நீங்கள். மேசை விளக்கைச் சூரியனாக்கி, மேசைப்பந்தை நிலவாக்கி, உங்கள் கொண்டையையே பூமியாக்கி நீங்கள் நடத்திய பாடத்தை, இன்று தாயாகிவிட்ட மாணவிகளும் மறக்கவில்லை. தாழ்வாரத்தில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே பேச்சு மூச்சு அடங்கிவிடும். அதனால் மாணவிகள் உங்களுக்கு வைத்த பெயர் 'கிரகணம்'. நீங்கள் அறியாததா? "கிரகணம் பிடிச்சாச்சு, எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தவர்தாமே நீங்கள்!

எங்கள் துறை ஆசிரியைகளுள் இளையவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்த கால் அவளுடையது. வாய் கொஞ்சம் நீளம். கோபமோ மூக்கு நுனியில். வானியல் பாடத்தை அவளிடம் நீங்கள் ஒப்படைத்ததும், ஆய்வகத்தில் துணி போர்த்திக் கிடந்த தொலைநோக்கியை அவள் மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்றாள். "ஏறுங்க, பாருங்க, கையக் காலை உடைச்சுக்காம இறங்குங்க" என்று நீங்களும் அனுமதித்தீர்கள். அந்தி சாயும் வேளைகளில் பிள்ளைகள் வரிசையில் நின்று நிலவைப் பார்த்தார்கள். சிலர் மட்டும், படி ஏற அலுத்து, "புத்தகத்துலதான் படம் இருக்கே" என்று கீழேயே இருந்துவிட்டார்கள்.

செய்முறைத் தேர்வு வந்தது. 'தொலைநோக்கியில் கண்ட அரைநிலவை வரைக' என்று, ஆண்டாண்டாய்க் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். ஆண்டாண்டாய் யாரும் கண்டதில்லை. எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இந்த முறை மாடி ஏறிய பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி வரைந்தார்கள்: புத்தகத்தில் வலப்பக்கம் இருக்கும் ஒளிர்ந்த பாதி இங்கே இடப்பக்கம், பள்ளம் மண்டிய தென்பகுதி தலைமாட்டில். உங்கள் சிவப்பு மை அவற்றைக் குறுக்கே அடித்தது. மாடி ஏறாத மகராசிகளுக்கு முழு மதிப்பெண்; ஏறிப் பார்த்தவர்களுக்குத் தோல்வி!

அறிவிப்புப் பலகையைப் பார்த்த இளையவளுக்கு உச்சந்தலை கொதித்தது. ஆய்வக உதவியாளர் அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "மேடம், அவங்ககிட்ட லீவு கேளுங்க, புது லென்ஸ் கேளுங்க, உயிரைக்கூடக் கேளுங்க. போட்ட மார்க்கை மாத்தச் சொல்லி மட்டும் கேட்டுடாதீங்க." சொல்லி முடிப்பதற்குள் அவள் உங்கள் அறைக்குள் நின்றாள். கேட்டும் விட்டாள்.

நீங்கள் தலை நிமிரவில்லை. "தலைகீழா வரைஞ்சா தப்புதான்."

"நிலா அதுல அப்படித்தாம்மா தெரியுது."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. ஒளியியல் வகுப்புல. 'தொலைநோக்கியில பிம்பம் தலைகீழாத்தான் விழும், மறந்தா மண்டையில கொட்டுவேன்'னு. சுவருக்கு இந்தப் பக்கம் பாடம் நடத்திட்டிருந்த எனக்கே காது கிழிஞ்சுது."

"அது ஒளியியல். இது வானியல்."

அம்மையீர்! அந்தச் சொல்லை நினைத்து நாங்கள் பின்னர் வயிறு வலிக்கச் சிரித்தோம், மன்னிக்க வேண்டும். ஒளியியலில் தலைகீழ் என்று வரைந்த அதே கை, வானியலில் தலைகீழை அடித்திருக்கிறது! பாடத்துக்கொரு நோட்டு, நோட்டுக்கொரு அட்டை என்று பழகிய நம் எல்லோருக்கும் வாய்த்த வியாதி அது. ஆனால் அன்று அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"சரி, அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டும். என்ன குடி முழுகிடும்?" என்றீர்கள்.

"முழுகிடும்மா," என்றாள் அவள். "எங்க மாதிரி வீட்டுல மறுபடிங்கற பேச்சே கிடையாது. ஒரு தடவை தவறினா, படிச்சது போதும்னு தையல் மிஷின்ல உக்கார வெச்சுடுவாங்க. அப்புறம் எந்திரிக்கவே முடியாது."

நீங்கள் ஏட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினீர்கள். அவள் திரும்பினாள். கதை முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அன்று மாலை, மூட்டுவலி முழங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நீங்கள் மாடி ஏறினீர்கள். தொலைநோக்கியின் அருகே நின்ற இளையவளை 'தள்ளு' என்பதுபோல் கையசைத்து விலக்கினீர்கள். குனிந்து, நெடுநேரம் பார்த்தீர்கள். நிமிர்ந்தபோது, "இடப்பக்கம்தான்" என்ற ஒரே சொல். மறுநாள் அத்தனை விடைத்தாளிலும் மதிப்பெண்ணைத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் கையெழுத்திட்டீர்கள்.

வெளியிட்ட மதிப்பெண்ணைத் திருத்தினால் பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? ஓய்வு பெறும் மாதத்தில் உங்கள் பெயரில் விசாரணை! கறையே படாத உங்கள் பணிக்காலத்தின் கடைசி ஏட்டில் கறை விழுந்துவிடுமோ, திருத்திய மதிப்பெண்ணையும் பறித்துக்கொள்வார்களோ என்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "போற நேரத்துல வேலியில போறதை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே" என்று முதல்வரே தலையில் கை வைத்தார். இளையவளோ தன்னால்தானே இத்தனையும் என்று குமைந்தாள்.

அப்பாடா! கோப்பு மூடப்பட்டது. உங்கள் திருத்தமே சரி என்று தீர்ப்பு வந்தது. தேறிய பிள்ளைகள் அடுத்த ஆண்டுக்குப் பெயர் பதிந்துவிட்டார்கள். இரவில் தூக்கமும் பகலில் பசியும் எங்களுக்குத் திரும்பிவிட்டன. இந்த மடலின் ஒவ்வொரு எழுத்தும் அந்த நிம்மதிப் பெருமூச்சில் எழுதியதே.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, கண்ணொளி குன்றாது, கடிந்துகொள்ள ஆளில்லையே என்று மட்டும் கவலை கொண்டு, நூறாண்டு கடந்தும் நலமே நீங்கள் வாழ்க! மாலையும் பொன்னாடையுமாக இன்று நீங்கள் அமர்ந்திருக்கும் கோலம் அழகுதான். ஆயினும், நாங்கள் நெஞ்சில் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளும் கோலம் வேறு.

விசாரணை நாள், முதல்வர் அறை. விசாரிக்க வந்தவர்கள் ஒரு தாளை உங்கள் முன் நகர்த்தினார்கள். இளையவளும் அழைக்கப்பட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள். "இந்தப் பொண்ணு வற்புறுத்தினதால மாத்தினேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்களுக்கு ஒரு தொல்லையும் வராது. இன்னைக்கே முடிச்சுடலாம்."

இளையவள் ஓரடி முன்னே வந்தாள். 'எழுதிக் கொடுத்துடுங்கம்மா' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வற்புறுத்தினா," என்றீர்கள் நீங்கள். "சரியானதுக்குத்தான் வற்புறுத்தினா. தப்பு என்னுது. திருத்தினதும் நானே. பார்த்ததை வரைஞ்ச பிள்ளைங்களுக்கு மார்க் போட்டிருக்கேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க."

தாளைத் தொடவேயில்லை. நாற்காலியைப் பின்தள்ளி எழுந்தீர்கள். "உக்காருங்கம்மா, இன்னும் முடியல" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தீர்கள். "எனக்கு முடிஞ்சுது" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் ஓங்க, வகுப்பை நோக்கி நடந்தீர்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
இயற்பியல் துறை ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர், அலுவலர்கள்